ரேஞ்ச் ரோவர் நடுவழியில் நிற்குமா?

ஏழெட்டு வயதான ரேஞ்ச் ரோவர் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று பிரிட்டனில் ஒருவர் வாய் திறந்தால் போதும். கேட்பவர்களில் பாதிப் பேர், "வேண்டவே வேண்டாம், மெக்கானிக்குக்கே சம்பாதித்துக் கொட்ட வேண்டி வரும்" என்பார்கள். மீதிப் பேர், "அதைப்போல ஒரு வண்டி உலகத்திலேயே கிடையாது" என்பார்கள். முதல் பேச்சை நம்பியவர் நல்ல வண்டியைக் கைநழுவ விடுகிறார். இரண்டாவதை நம்பியவர் கெட்ட வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இது நமக்குத் தொலைதூரப் பேச்சுமல்ல: ரேஞ்ச் ரோவரைச் செய்யும் ஜாகுவார் லேண்ட் ரோவரின் கார்களையும் தயாரிப்பதற்கென, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான டாடா ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே இந்த வண்டிகளைப் பற்றி எது உண்மை, எது வெறும் பேச்சு என்று நாமும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: பழைய வண்டிகள் அசையாத இரும்பு, சொகுசு புகுந்த பிறகுதான் கெட்டுப்போனது.

அந்தக் காலத்திலும் உடைந்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் காட்டப்பட்டபோது, அது விவசாயிகளுக்கென ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் யோசித்த எளிய வண்டி. போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆனால் பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத் தண்டு சுமை கூடினால் முறியும் என்பது அந்நாளைய ஓட்டுநர்கள் எல்லோரும் அறிந்தது. ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் முதலில் ஓடியவை லேண்ட் ரோவர்கள்தான். 1950-களின் கடைசியில் ஒப்பந்தக்காரர் லெஸ்லி தீஸ் டொயோட்டா லேண்ட் குரூஸரை இறக்குமதி செய்தார். அதன்பின் அந்த நாட்டில் லேண்ட் ரோவர் தன் பழைய இடத்தை மீட்கவேயில்லை. வனாந்தரத்துக்குள் போக லேண்ட் ரோவர், திரும்பி வர லேண்ட் குரூஸர் என்று அங்கே சொல்லப்படுவது ஏதோ நேற்றைய டச் ஸ்கிரீன் கோளாறைப் பார்த்துச் சொன்ன பேச்சல்ல.

அதே லேண்ட் ரோவர் வரிசையில் 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்கள் பலர். ஸ்பென் கிங் தலைமையில் உருவான அந்த வண்டியின் அருமையை நானும் மறுக்கவில்லை. காயில் ஸ்பிரிங், எப்போதும் இயங்கும் நான்கு சக்கர இழுவை, ப்யூக்கிடமிருந்து உரிமம் பெற்றுத் திருத்திய 3.5 லிட்டர் அலுமினிய வி8. அப்படியொரு சேர்க்கை அதற்கு முன் இருந்ததில்லை. 1971 டிசம்பரில் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் முனைக்குப் புறப்பட்ட ஜான் பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல்லின் பயணக்குழு இரண்டு ரேஞ்ச் ரோவர்களை, வழியிலுள்ள சதுப்பு நிறைந்த டேரியன் காட்டைக் கடத்திக் காட்டியது பெரும் சாதனை. ஆனால் அந்தச் சதுப்பில் வண்டிகளின் டிஃபரன்ஷியல்கள் உடைந்து, குழு உதிரிக்காகக் காத்துக் கிடந்ததும் அதே கதையின் பகுதிதான். விளம்பரத்தில் அந்தப் பகுதி வராது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் பாதி உண்மை. உடல் அலுமினியம், சட்டகம் எஃகு. குளிர்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் கொட்டும் உப்பு அந்தச் சட்டகத்தை உள்ளிருந்தே தின்றுவிடும். எஃகும் அலுமினியமும் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் ஈரம் பட்டால் அலுமினியமும் பொடிந்து உதிரும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் கதவு அடிப்பகுதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நம்பிக்கை: இதுவரை செய்த லேண்ட் ரோவர்களில் பெரும்பகுதி இன்னும் ஓடுகிறது, அதைவிடச் சான்று வேண்டுமா?

வேண்டும். நெடுநாள் உயிரோடிருப்பதும் நோயில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங்கிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறும் 1950-களின் லேண்ட் ரோவர்களைப் பார்த்து மெய்சிலிர்க்கிறோம். அவற்றில் பலவற்றின் எஞ்சின் பிற்காலத்தில் மாற்றியது. எளிய வண்டி, போல்ட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும், உதிரி கிடைக்கும், விட்டுவிட மனமில்லாத உரிமையாளர் இருக்கிறார். அதனால்தான் அது ஓடுகிறது. அந்தப் பெருமையில் பாதி கைபோட்டுச் சரிசெய்தவருக்குரியது.

நம்பிக்கை: தர ஆய்வுகளில் எப்போதும் கடைசி, ஆகவே வண்டி நடுரோட்டில் நின்றே தீரும்.

சில ஆய்வுகளில் கடைசியாக வந்தது உண்மைதான். அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் லேண்ட் ரோவருக்கு நூறு வண்டிக்கு 220 குறைகள். எல்லா நிறுவனங்களின் சராசரி 134. ஆனால் அந்த எண்ணிக்கையில் எது ஒரு குறையாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஃபோனோடு இணைய மறுக்கும் திரையும் ஒரு குறை, பழுதான கியர்பாக்ஸும் ஒரு குறை. இந்த ஆய்வுகளில் அதிகப் புகார் வருவதே பாட்டு, திரை, வழிகாட்டி போன்றவற்றைப் பற்றித்தான். இன்னொன்று, மூன்று வயதான வண்டியை முதல் உரிமையாளரிடம் கேட்டு எடுக்கும் கணக்கு அது. எட்டாவது வயதில், மூன்றாவது உரிமையாளரின் கையில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது. ஆகவே ஆய்வு இந்த வண்டிகளுக்கு ஒரு பக்கம் அநியாயம் செய்கிறது, மறுபக்கம் சலுகையும் காட்டுகிறது.

நம்பிக்கை: ஏர் சஸ்பென்ஷன்தான் சாபக்கேடு. பிடுங்கிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடு.

உரிமையாளர்கள் அதிகமாக நொந்துகொள்வதும் இதைப் பற்றித்தான், அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரேஞ்ச் ரோவருக்கு இது வந்தது 1992-இல். 1994-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறையில் எல்லா வண்டிக்கும் இதுவே. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு ரப்பர் பை, அதற்குக் காற்றூதும் சிறிய மின் கம்ப்ரஸர், காற்றைத் திறந்து மூடும் வால்வுகள், உயரத்தை அளக்கும் சென்சார்கள். ரப்பர் பை ஏறி இறங்கும்போது அடியில் ஒரே இடத்தில் மடியும். ஆண்டுக்கணக்கில் மடிந்து மடிந்து அங்கே மயிரிழை போல வெடிப்பு விழும். அதுவரை வண்டி ஒரு குறையும் காட்டாது. பிறகொரு நாள் காலையில் ஒரு மூலை தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். எஞ்சினைப் போட்டதும் எழுந்துவிடும். எழுந்துவிட்டதே என்று உரிமையாளரும் மறந்துவிடுவார்.

உள்ளே நடப்பது வேறு. கசியும் காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது. சில நிமிடம் ஓடி ஓய்வெடுக்கவே செய்யப்பட்ட பொருள் அது. சூடேறி, உள்வளையம் தேய்ந்து, கடைசியில் செத்துப்போகிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பழுதறியும் கருவி கம்ப்ரஸரைக் காட்டுகிறது. மெக்கானிக் புதுக் கம்ப்ரஸர் மாட்டிப் பெரிய தொகைக்கு பில் போடுகிறார். கசிந்த பை அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டு இரண்டாவது கம்ப்ரஸரும் போகிறது. "இந்த வண்டியே இப்படித்தான்" என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்துப் பையின் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் அடித்துப் பார்த்திருந்தால், குமிழி வந்து இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அந்தப் பைகள் டயரைப் போலத் தேய்ந்து மாற்ற வேண்டியவை. அதை விற்பனையின்போது யாரும் சொல்வதில்லை, அங்கேதான் தவறு. காயில் ஸ்பிரிங் போட்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதும் மெய். ஆனால் ஏற்றி இறக்கும் வசதியும் அந்த மிதக்கும் ஓட்டமும் போனபின் எதற்காக இந்த வண்டி என்று அவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நம்பிக்கை: பிரிட்டிஷ் எலக்ட்ரிக்கல் என்றாலே கோளாறு.

லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகளைக் கேலி செய்த காலத்துப் பேச்சு இது. 2002-இல் விற்பனைக்கு வந்த மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர், பி.எம்.டபிள்யூ உரிமையாளராக இருந்தபோது உருவானது. அதன் எஞ்சினும் மின் அமைப்பும் அங்கிருந்து வந்தவை. அதிலும் புகார் உண்டு, லூகாஸ்மீது பழிபோட முடியாது.

உண்மையான காரணம் எளிது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கணினிப் பெட்டிகள் இந்த வண்டிகளில் ஏராளம். பாட்டரி தளர்ந்து மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினால், ஆளுக்கொரு பிழைச் செய்தியை எழுப்பும். 2004-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இல் பிரேக் மிதிக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. மிதித்தால் பின்விளக்கை எரியவைப்பதுதான் அதன் வேலை. அது தேய்ந்துவிட்டால் சரிவில் இறங்கும் கட்டுப்பாடு பழுது, சஸ்பென்ஷன் பழுது என்று திரையில் வரிசையாக ஓடும். கணினிக்கு நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்களா இல்லையா என்பதே தெரியாத நிலை, அவ்வளவுதான். மலிவான உதிரி, சில நிமிட வேலை. அது தெரியாத ஒர்க்ஷாப்பில் விட்டவர் எவ்வளவு கொடுத்திருப்பார் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நம்பிக்கை: டாடா வாங்கிய பிறகு தரம் போய்விட்டது.

2008-இல் 230 கோடி டாலருக்கு ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் ஃபோர்டிடமிருந்து டாடா வாங்கியது. உரிமையாளர் மாறினாலும் வடிவமைப்பும் பொறியியலும் பிரிட்டனிலேயே இருந்தன. கிராங்க் தண்டு முறிகிறது என்று பெரிதும் பேசப்படும் வி6 டீசல், ஃபோர்டும் பெஷோ-சிட்ரோயனும் சேர்ந்து உருவாக்கியது, டாடா வருவதற்கு முன்பே வண்டியில் ஏறிவிட்டது. பேரிங் ஓடு இடம் பெயர்ந்து சுழன்றால் எண்ணெய் வழி அடைபடும், தண்டு முறியும். எல்லா எஞ்சினுக்கும் நேர்வதில்லை, நேர்ந்தவருக்கு எஞ்சினே போய்விடும். டாடாவின் காலத்தில் வந்த இன்ஜீனியம் எஞ்சினுக்கும் தனிக் குறைகள் உண்டு. ஆளைப் பார்த்து அல்ல, எஞ்சினைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

நம்பிக்கை: சர்வீஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் இருக்கிறது, கவலையில்லை.

நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான். ஏனென்றால் இதை நம்புகிறவர் பொறுப்பானவர், கேட்டதையெல்லாம் செய்தவர்.

2015-இல் அறிமுகமான இன்ஜீனியம் டீசலுக்கு நிறுவனம் எழுதிய சர்வீஸ் இடைவெளி 34,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி நிறைந்ததும், அதை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் விடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டத்தில் அந்த எரிப்பு பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எண்ணெயில் கலக்கும். அந்த எஞ்சின் கொண்ட டிஸ்கவரி ஸ்போர்ட், எவோக் வண்டிகளின் உரிமையாளர்கள் சர்வீஸ் விளக்கு முன்கூட்டியே எரிவதைக் கண்டு குழம்பியது இதனால்தான். நீர்த்த எண்ணெயோடு ஓடும் டைமிங் செயினும் அதன் பிளாஸ்டிக் தாங்கிகளும் சீக்கிரம் தேயும். அந்தச் செயினோ எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதைத் தொடவே பெரிய வேலை.

கியர்பாக்ஸ் எண்ணெய்க்கும் இதே கதை. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று பலகாலம் சொல்லப்பட்டது. ஆனால் அந்தக் கியர்பாக்ஸைச் செய்த ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நீண்ட இடைவெளி, குறைந்த சர்வீஸ் செலவு என்பது மூன்றாண்டு ஓட்டிவிட்டுக் கைமாற்றும் முதல் உரிமையாளருக்கும் குத்தகை நிறுவனத்துக்கும் இனிக்கும். விளைவு இரண்டாமவர், மூன்றாமவர் தலையில் விடியும். பிரிட்டனில் நெடுநாள் தொல்லையில்லாமல் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: புத்தகம் சொன்ன இடைவெளியில் பாதியிலேயே எண்ணெய் மாற்றுகிறோம்.

நம்பிக்கை: விலை இறங்கிவிட்டது, இப்போது வாங்கினால் லாபம்.

இறங்குவது வண்டியின் விலை. உதிரியின் விலையும் உழைப்பின் கூலியும் புது வண்டிக்குரியதாகவே நிற்கும். டிஸ்கவரி 3-இல் டர்போவை மாற்றப் பல ஒர்க்ஷாப்புகள் உடலை முழுதாகச் சட்டகத்திலிருந்து தூக்கிவிடுகின்றன. லிஃப்டில் இருக்கைகளோடு உடல் தொங்க, கீழே சக்கரமும் எஞ்சினும் அம்மணமாக நிற்கும். குறுகிய சந்தில் கையை விட்டுப் போராடுவதைவிட அதுவே அவர்களுக்குச் சுலபம். அந்த வேலைக்கான கூலி, வாங்கிய விலையில் கணிசமான பங்காகிவிடலாம். இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலைதான். தீனிக்கு வழி இருப்பவர் தாராளமாகக் கட்டலாம்.

வாங்கப் போகிறவர் முத்திரைகளை விட்டுவிட்டு ரசீதுகளைக் கேட்கட்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாறியது, ஏர் பைகள் எந்த ஆண்டில் போட்டவை, எண்ணெய் மாற்றங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கட்டும். விற்பவரிடம், தான் வரும்வரை எஞ்சினைப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின் முதல் இரண்டு மூன்று விநாடியில் செயின் சத்தம் போடுகிறதா என்பதைச் சூடான எஞ்சினில் கேட்க முடியாது. போய்ச் சேர்வதற்குள் பானெட் சூடாகியிருந்தால், வேறொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.