இருபத்தோர் இலக்க எண்

நுழையும்முன்

ஒரு கூற்றைச் சொன்னவர் யார் என்பதைவிட, அது மெய்ப்பிக்கப்பட்டதா என்பதே அறிவுலகில் முதன்மையானது. நெடுங்காலம் பகா எண்ணாகக் கருதப்பட்ட ஓர் எண்ணின் உண்மை இயல்பு வெளிப்பட்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மெர்சென் தந்த பட்டியல்

இரண்டின் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3, 7, 31, 127 முதலிய பகா எண்கள் சில கிடைக்கின்றன. அடுக்கு பகு எண்ணாயின் விடையும் பகு எண்ணே. அடுக்கு பகா எண்ணாயினும் விடை பகா எண்ணாக அமையும் என்னும் உறுதி இல்லை. இரண்டின் 11ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23ஐயும் 89ஐயும் பெருக்கக் கிடைப்பதாகும்.

பிரான்சு நாட்டுத் துறவியான மாரின் மெர்சென், 257 வரையுள்ள அடுக்குகளுள் பகா எண்ணைத் தருவன இவை என 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67உம் இடம்பெற்றிருந்தது. அவ்வடுக்கு தரும் எண் 14,75,73,95,25,89,67,64,12,927 ஆகும். இருபத்தோர் இலக்கம் கொண்ட அதனைச் சோதிக்க அக்காலத்தில் வழியில்லை.

காரணி அறியாத முடிவு

பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூக்காஸ், 1876இல் தாம் வகுத்த சோதனை முறையால் அது பகு எண்ணே என்று காட்டினார். வியப்பு யாதெனில், அதன் காரணி ஒன்றைக்கூட அவரது முறை தரவில்லை. பூட்டு திறக்கக்கூடியது என்பது தெரிந்தது, திறவுகோல் கிடைக்கவில்லை.

கோலின் உழைப்பு

இவ்வெண்ணின் பகாக் காரணி எதனை 134ஆல் வகுத்தாலும் மீதி 1 வருதல் வேண்டும். இவ்விதி தேடலைச் சுருக்கியதேயன்றி எளிதாக்கவில்லை. 135, 269, 403 என அவ்வகை எண்களை வரிசையாக எழுதிச் சென்றால், முதற் காரணி 14,45,580ஆம் இடத்தில்தான் எதிர்ப்படும். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல், மேலும் பல நிபந்தனைகளால் வேண்டாதவற்றை விலக்கி, விடையைக் கண்டார்.

1903 அக்டோபரில், அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் அதனை அறிவித்தார். ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையின் ஒருபுறம் இரண்டின் 67ஆம் அடுக்கைக் கணித்து ஒன்றைக் கழித்தார் என்றும், மறுபுறம் 19,37,07,721ஐயும் 7,61,83,82,57,287ஐயும் பெருக்கிக் காட்டினார் என்றும் கூறுவர். விடைகள் இரண்டும் ஒன்றாயின. அவையோர் கைதட்டி மகிழ்ந்தனர். இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னாளில் ஒருவர் வினவ, "மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்" என்று அவர் விடையிறுத்தாராம்.

தேடல் அரிது, சரிபார்த்தல் எளிது

பல ஆண்டு உழைப்பால் கிட்டிய விடையைப் பெருக்கல் அறிந்த எவரும் சிறிது நேரத்தில் சரிபார்க்கலாம். இவ்வேறுபாடே இன்றைய மறையாக்க முறைகள் சிலவற்றின் அடித்தளம். இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு எளிது. பெருக்கற்பலனை மட்டும் கொண்டு அவற்றை மீட்பது மிக அரிது.

மெர்சென் பட்டியலில் 257உம் பிழையே. 61, 89, 107 ஆகியன விடுபட்டிருந்தன. ஆயினும் அவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவர் எழுப்பிய வினா, பிழையான விடையைக் கடந்தும் பல தலைமுறையினரைச் சிந்திக்க வைத்தது.

கற்பவை கற்றபின்...

1. கோல் கண்ட காரணிகளைத் தாளில் பெருக்கி விடையைச் சரிபார்க்க.
2. 23, 89 ஆகியவற்றை 22ஆல் வகுத்து மீதிகளைக் காண்க. பாடத்தில் வரும் 134 பற்றிய விதியோடு அதனை ஒப்பிடுக.
3. 'சான்றோர் கூற்றாயினும் சான்று வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாடுக.