விற்றமின் ஏயும் குருதிக்கலன்களின் வளர்ச்சியும்

விற்றமின் ஏ எதற்குத் தேவை எனக் கேட்டால், அநேகமான மாணவர்கள் "மாலைக்கண் ஏற்படாதிருப்பதற்கு" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவர். விடை சரியே. ஆயினும் அது இவ்விற்றமினின் தொழில்களுள் ஒன்று மாத்திரமே. முளையத்தில் இதயமும் குருதிக்கலன்களும் ஒழுங்காக உருவாவதற்கும் விற்றமின் ஏ இன்றியமையாதது.

விற்றமின் ஏ என்பது தனியொரு சேர்வை அன்று. ரெற்றினோல், ரெற்றினல், ரெற்றினோயிக் அமிலம் ஆகியன அதன் முக்கிய வடிவங்களாகும். ஈரலில் சேமிக்கப்பட்ட விற்றமின் ரெற்றினோலாகக் குருதியில் கொண்டு செல்லப்படும். விழித்திரையில் பயன்படுவது ரெற்றினல். குருதிக்கலன்களைப் பொறுத்தவரை முக்கியமானது ரெற்றினோயிக் அமிலமே. கலங்களினுள் நொதியங்கள் ரெற்றினோலை முதலில் ரெற்றினலாகவும், பின்னர் இவ்வமிலமாகவும் ஒட்சியேற்றுகின்றன. இது கலத்தின் கருவினுள் சென்று, டி.என்.ஏ. மீதுள்ள வாங்கிப் புரதங்களுடன் இணைந்து, சில பரம்பரையலகுகளைத் தொழிற்படச் செய்யும். வேறு சிலவற்றை அடக்கும். ஆகவே இதன் செயல் ஓமோனின் செயலை ஒத்தது.

இதற்கான நல்ல சான்று காடை முட்டைகளில் கிடைத்தது. விற்றமின் ஏ அற்ற முட்டையினுள் வளரும் முளையத்தில் இதயம் தோன்றும். கருவூணைச் சுற்றிக் குருதிக்கலன்களும் தோன்றும். ஆனால் அவை இரண்டும் ஒன்றோடொன்று தொடுக்கப்படுவதில்லை. இதயத்துக்குள் குருதி நுழையும் வாயில் மூடியே இருக்கும். சில நாட்களில் முளையம் இறந்துவிடும். முதல் நாளளவில் ரெற்றினோயிக் அமிலத்தை உட்செலுத்தினால் வளர்ச்சி வழமைபோல் நடைபெறும். காலந்தாழ்த்திச் செலுத்தினால் பயனில்லை.

சுண்டெலிகளில் நடைபெற்ற ஆய்வு இன்னொரு விடயத்தைக் காட்டியது. ரெற்றினோயிக் அமிலத்தை ஆக்கும் பிரதான நொதியத்துக்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட முளையங்கள் கர்ப்பகாலத்தின் நடுப்பகுதியிலேயே இறந்தன. அவற்றின் கருவூண் பையில், குருதிக்கலன்களின் உட்சுவரை ஆக்கும் அகவணிக் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பிரிந்து கொண்டிருந்தன. கலங்கள் குறைவுபடவில்லை, ஆயினும் வலைபோன்ற அமைப்பு பெரிய கலன்களாகவும் சிறிய கலன்களாகவும் ஒழுங்குபடவில்லை. அதாவது, இங்கு இவ்வமிலம் கலப்பிரிவுக்கு ஒரு தடுப்பாகச் செயற்படுகின்றது. கலங்கள் பிரிவதை மட்டுப்படுத்தினாலன்றி உறுதியான கலன்கள் அமையா. "விற்றமின் ஏ குருதிக்கலன்களை வளரச் செய்யும்" என ஒரே வரியில் எழுதுவது போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

குறைபாடு போலவே மிகையும் தீங்கானது. விற்றமின் ஏ குறைந்த உணவுண்ட எலிகளின் குட்டிகளில் பெருநாடி வில் குறைபாடுகள் காணப்பட்டமை 1949இல் வெளியிடப்பட்டது. மறுபுறம், முகப்பருவுக்கு வழங்கப்படும் ஐசோட்ரெற்றினோயின் என்பதும் ரெற்றினோயிக் அமிலத்தின் ஒரு வடிவமே. 1982இல் ஐக்கிய அமெரிக்காவில் இது பாவனைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள், கர்ப்பகாலத்தில் இதனை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் சிலரில் இதயம், பெருநாடிகள், காது, மூளை என்பவற்றில் குறைபாடுகள் பதிவாயின. உங்கள் வயதினர் பலரும் முகப்பருவுக்கு மருந்து தேடுவதால் இதனை அறிந்திருத்தல் நன்று. இம்மாத்திரையை வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. கர்ப்பிணிகள் ஒருபோதும் உட்கொள்ளலாகாது.

கரட், பப்பாசி, முருங்கையிலை என்பவற்றில் உள்ள பீற்றா கரோட்டீனால் இந்த ஆபத்து இல்லை. உடல் தனது தேவைக்கேற்பவே அதனை விற்றமினாக மாற்றும். அளவுக்கு மிஞ்சி உண்டால் தோல் மஞ்சளாகும், அவ்வளவே. ஈரலிலுள்ள விற்றமின் அவ்வாறன்று. அது ஏற்கெனவே ரெற்றினோல் வடிவில் உள்ளதால், கர்ப்பிணிகள் ஈரலை அளவோடு உண்ண வேண்டும்.

பயிற்சி வினா

விற்றமின் ஏ குறைபாடுடைய எலியின் விழிவெண்படலத்தில், வழமையாக அங்கு காணப்படாத குருதிக்கலன்கள் தோன்றின. "விற்றமின் ஏ குருதிக்கலன் வளர்ச்சியை நேரடியாகத் தடுக்கின்றது" என்பதற்கு இது மாத்திரம் போதிய சான்றாகுமா?

விடை: ஆகாது. விற்றமின் ஏ குறையும்போது விழிவெண்படலத்தின் மேற்பரப்பு உலர்ந்து தடித்துப் பாதிப்படையும். பாதிப்படைந்த இழையத்தை நோக்கிக் குருதிக்கலன்கள் வளர்வது இயல்பு. எனவே இங்கு கலன்கள் தோன்றியது விற்றமின் இன்மையின் நேரடி விளைவா, இழையப் பாதிப்பின் விளைவா என இந்த அவதானத்தைக் கொண்டு வேறுபடுத்த முடியாது.