சார்பெழுத்தும் சார்பு மென்பொருளும்

மூல நிரலை எவரும் காணவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருள் கட்டற்ற மென்பொருள் எனப்படும். அவ்வுரிமையை மறுப்பது தனியுரிமை மென்பொருளாம். இவற்றின் வேற்றுமை வெளிப்படை. ஆயின், தான் கட்டற்றதாயினும் தனியுரிமைப் பொருளொன்றின் துணையின்றி இயங்காததனை எவ்வினத்தின்பாற் படுத்துவது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலதன்று. தாம்பரத்திற்கு அண்மையில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் கூடி 2005-ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளுக்கெனத் தேசிய வள மையமொன்றை நிறுவின. 2007-இல் சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் என்னும் இயங்குதளத்தை அடியாகக் கொண்டது.

டெபியனார் தம் களஞ்சியத்தை முப்பகுதியாக வகுத்தனர். தானும் தன் துணையும் கட்டற்றதாயிருப்பது மெயின். தானே கட்டுடையது நான்-ஃப்ரீ. தான் கட்டற்றதாயினும் மெயினுக்குப் புறம்பான துணையை வேண்டி நிற்பது கான்ட்ரிப். இவ்வகுப்பு தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் எழுத்து முப்பதெனக் கூறி, சார்ந்துவரும் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்னும் மூன்றனையும் வேறு நிறுத்தினார். அவற்றை எழுத்தல்லவென அவர் தள்ளிற்றிலர். அவற்றின் சார்பை மறைத்ததும் இலர்.

சார்பும் ஒருதன்மைத்தன்று. இயங்குதற்கு வேண்டுவது ஒன்று: 1996-இல் தோன்றிய கேடியீ, அந்நாளிற் கட்டற்றதல்லாத கியூட்டி நூலகத்தைச் சார்ந்திருந்தது. ஆக்குதற்கு வேண்டுவது மற்றொன்று: வர்ச்சுவல்பாக்ஸின் ஓர் உறுப்பை ஆக்க வேண்டிய ஓப்பன் வாட்காம் தொகுப்பியின் உரிமத்தை டெபியனார் ஏற்காமையின், அது கான்ட்ரிப் ஆயிற்று. இருப்பின் நலம், இன்றேற் குறையில்லை என்னும் துணையோ, மெயினில் இருத்தற்குத் தடையாகாது.

இவற்றுள் அடங்காதது ஒன்றுண்டு. அச்சுநூற் பக்கப் படங்களை எழுத்தாக்கித் தமிழ் விக்கிமூலத்திற் சேர்க்க உதவிய ஓசிஆர்4விக்கிசோர்ஸ் கட்டற்ற நிரலே. ஆயின் எழுத்துணரும் தொழில் கூகுள் நிறுவனத்தின் பொறிகளில் நிகழ்வது. நம் கணிப்பொறியிற் கட்டுடைய பொருள் யாதும் நிறுவப்படாமையின், பொதிகளையே நோக்கும் டெபியன் விதி இச்சார்பைக் காணாது. அந்நிறுவனம் வாயிலை அடைப்பின், நிரல் நம் கையிலிருந்தும் பயன்படாது. பழைய தமிழ்நூல்களை எழுத்தாக்கும் பணியும் தடைப்படும். ஆதலின் இதனையும் சார்பின்பாற் படுத்தலே நேர்மை என்பது எம் கருத்து.

புதுவகை கூட்டுதல் முறையோ எனின், முறையே. தொல்காப்பியர் மூன்றென்ற சார்பெழுத்தை நன்னூலார் பத்தென விரித்தார். டெபியனாரும் 2023-இல் நிலைப்பொருளுக்கென நான்காம் பகுதியை வகுத்தனர்.

சார்பெனக் கூறுதல் இழித்தலன்று. அடுத்துச் செய்யற்பாலது யாதெனக் காட்டுதலே. கேடியீயின் சார்பை உலகம் எடுத்துரைத்தமையாலன்றோ 1997-இல் குனோம் தோன்றிற்று. 2000-இல் கியூட்டியும் கட்டற்ற ஜிபிஎல் உரிமத்தில் வந்தது? 2005-இல் மூல நிரல் வெளியிடப்பட்ட டெசராக்ட் என்னும் எழுத்துணரி தமிழையும் அறியும். அதனைத் திருத்த, பிழை நோக்கும் கண்ணும் சொல்லறிவும் வேண்டும். அவை தமிழ் மாணவரிடத்தே உள்ளன. மணலின்மேற் கட்டிய வீட்டை மணல்வீடென்று சொல்லி நில்லாது, பாறை தேடி அடித்தளம் இடுதல் நம் கடனாம்.