படுக்க மறுக்கிற பிள்ளைக்கு டயப்பர் மாற்றுவது

உத்திரமேரூர்

அன்புள்ள மருமகனுக்கு,

பரீட்சை முடிந்து அடுத்த வாரம் ஊருக்கு வருகிறாய், லீவில் அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உன்னுடையது என்று உன் அம்மா சொன்னார். "தூக்கி வச்சுக்குவேன், சோறு ஊட்டுவேன், டயப்பர் மட்டும் மாத்த வராது அத்தை, ஒரே ஆட்டமா ஆடுறான்" என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ "ம், ம்" என்று கேட்டுவிட்டு மறந்துபோவாய். எழுதிக் கொடுத்தால் அலமாரியிலாவது இருக்கும்.

2017 முதல் சட்டப்படி கிடைக்கிற 26 வாரப் பேறுகால விடுப்பும் முடிந்து, உன் அக்கா சம்பளமில்லாமல் எடுத்த லீவும் தீர்ந்துவிட்டது. விடியற்காலையில் ஒரகடம் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். உன் அம்மா வேலைக்குப் போகிற நாட்களில் வீட்டில் நீ, அவன், பாட்டி மூன்று பேர்தான். பாட்டிக்கோ முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். ஆகவே இந்த வேலை உன் தலையில்தான் விழும். "ஆம்பளைப் பையன் இதெல்லாம் செய்யறதா" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. காது குத்தும்போது மடி கொடுக்கிற தாய்மாமன், பிள்ளைக்குக் கால் கழுவிவிடவும் தெரிந்துகொள்ளட்டும் என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். அவன் ஆடுவது குறும்பும் இல்லை, உன் மேல் கோபமும் இல்லை. நாலு, ஐந்து மாதம் வரை மல்லாக்கப் போட்ட இடத்தில் கிடந்த பிள்ளை. பிறகு புரண்டான், உட்கார்ந்தான், தவழ்ந்தான். இப்போது ஒன்பதாம் மாதம், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறான். இத்தனையும் கற்ற பிறகு மறுபடி மல்லாக்கப் போட்டு அழுத்தினால், கற்றதையெல்லாம் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும் அவனுக்கு. திமிறத்தான் செய்வான். பிள்ளைத்தமிழில் செங்கீரை என்று ஒரு பருவம் இருப்பதைத் தமிழ் வகுப்பில் படித்திருப்பாய். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலையை ஆட்டுகிற ஐந்தாம் மாதத்து ஆட்டம் அது. நம் புலவர்கள் அந்த ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, ஆடு ஆடு என்று கெஞ்சிப் பாடினார்கள். அவர்கள் யாரும் துணி மாற்றியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எனவே பிள்ளையை மாற்றப் பார்க்காதே, மாற்றுகிற விதத்தை மாற்று. இதை ஒரு முறையாகவே வகுத்துச் செய்து காட்டிய டாக்டர் ஒருவர் இருந்தார். ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர். இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருடம், 1946-இல், புடாபெஸ்ட் நகரில் லோட்சி தெருவில் ஆதரவற்ற கைக்குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே வேலை செய்த பெண்களுக்கு அவர் கண்டிப்பாகச் சொன்னது, துணி மாற்றும் நேரத்தை அவசரமாக முடித்துத் தள்ளக் கூடாது என்பது. நிறையக் குழந்தைகள் இருக்கிற இடத்தில், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவரின் முழுக் கவனமும் கிடைக்கிற நேரம் அதுதான். தொடும் முன் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். "காலைத் தூக்கு" என்றால் தூக்குவதற்கு அவகாசம் தர வேண்டும். அங்கே துணி மாற்றும் மேசையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும். குழந்தை குப்புறப் படுத்தாலும் தடுப்பைப் பிடித்து எழுந்து நின்றாலும் அந்த நிலையிலேயே மாற்றுவார்கள். இது ஏதோ செல்லம் கொடுப்பதாகத் தோன்றும். இல்லை. வேலையில் பாதியைக் குழந்தையிடமே கொடுப்பது.

நமக்கு மேசையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். கூடத்துத் தரை போதும். கட்டில் மேல் மட்டும் வைத்து மாற்றாதே. ஒரு கையால் பிடித்திருக்கிறோமே என்று துணியை எட்டி எடுக்கிற அந்த ஒரு நொடியில் உருண்டுவிடுவான். பாயை விரித்து, அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய வேட்டித் துணி. தொடங்கும் முன்பே வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சின்னக் கிண்ணத்தில், துடைக்க மெல்லிய பருத்தித் துணி, புது டயப்பர், அழுக்கைச் சுருட்டக் காகிதம், எல்லாம் உன் வலது கைப்பக்கம் இருக்கட்டும், அவனுக்கு எட்டாமல். பாதியில் எழுந்து போகிற நிலை வந்தால் அவனையும் தூக்கிக்கொண்டுதான் எழ வேண்டும். வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்ளாதே. தவழ்கிற பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரும் ஆபத்து.

ஒண்ணுக்கு மட்டும் போயிருந்தால் படுக்கவே வைக்க வேண்டாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கவிடு. பேன்ட் மாதிரி போடுகிற டயப்பர்தான் அக்கா வாங்குகிறாள். அதைக் கீழே இழுத்துக் கழற்றுவதைவிட, இரண்டு பக்கத் தையலையும் கிழித்து எடுப்பது சுலபம். துடைத்து, ஈரம் போனதும், புதியதில் ஒரு காலை நுழைக்கச் சொல், பிறகு அடுத்த காலை. முதல் இரண்டு நாள் விளங்காத மாதிரி நிற்பான். பிறகு "கால்" என்றாலே ஒரு காலை எடுப்பான். ஒன்று கவனி. துணியைத் திறந்து காற்றுப் பட்டதுமே ஆண் பிள்ளைகள் பீச்சுவார்கள். திறந்த கையோடு ஒரு துணியை முன்னால் போட்டுவை.

ரெண்டுக்குப் போயிருந்தால்தான் கஷ்டம். நின்றபடி துடைத்தால் கால் வரை பூசிக்கொள்வான். இதற்கு நம் பாட்டிமார் கண்ட வழிக்கு மேல் இன்னொன்றை நான் பார்க்கவில்லை. புழக்கடையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துவை. கெண்டைக்கால்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் வரும். அதில் பிள்ளையைக் குப்புறப் படுக்கவை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதும் இப்படித்தான். அந்தப் பள்ளத்திலிருந்து அவ்வளவு சுலபத்தில் உருள முடியாது, வயிறு உன் காலில் பட்டுக்கொண்டிருப்பதால் பயமும் இருக்காது. இடது கை முதுகில், வலது கையால் தண்ணீர் விட்டுக் கழுவு. மடிப்புகளில் விரலை விட்டுக் கழுவ வேண்டும், அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நாளைக்கு ஒரு பெண் பிள்ளைக்குச் செய்ய நேர்ந்தால் எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும், மலம் சிறுநீர்த் துவாரத்தின் பக்கம் வரவே கூடாது. பாட்டியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவை, அவர் சொல்லச் சொல்லச் செய்.

கையில் ஏதாவது கொடுத்துவிட்டால் பாதி ஆட்டம் அடங்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் போனைக் கொடுக்காதே. அகலவாய்ச் சொம்பு ஒன்றில் நாலைந்து வண்ணத் துணித்துண்டுகளைப் போட்டு முன்னால் வை, ஒவ்வொன்றாக உருவி வெளியே போடுவான். குடத்தில் கைவிட்டு எடுக்கிற வேலைக்கு நம் ஊர் பேர்போனது. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருடக் கல்வெட்டுகள் இருக்கின்றனவே, அவை சொல்லும் குடவோலைத் தேர்தலில் குடத்திலிருந்து ஓலை எடுத்தது ஒரு சிறுவன்தான். உள்ளே யார் பேர் என்று தெரியாத பிள்ளை எடுத்தால்தான் நியாயம் என்று வைத்திருந்தார்கள். பவுடர் டப்பா, மூடி, பட்டன் போன்றவற்றை மட்டும் கொடுத்துவிடாதே. சின்னதை விழுங்குவான், பவுடர் மூச்சில் ஏறும். பவுடரே அவனுக்கு வேண்டாம்.

அரைஞாண் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு முழத் துணியைக் கிழித்து, முன்னும் பின்னும் அந்தக் கயிற்றில் செருகிவிடுவார்கள். ஊக்கு வேண்டாம், முடிச்சு வேண்டாம், ஓடுகிற பிள்ளைக்குக்கூட மாட்டலாம். பகலில் வீட்டில் இருக்கும்போது இப்போதும் அதுவே போதும். டயப்பர் போடும்போது கயிற்றை இடுப்புப் பட்டைக்கு மேலே எடுத்துவிட்டுவிடு. உள்ளே மாட்டிக்கொண்டால் ஈரக்கயிறு அறுத்துத் தடம் போட்டுவிடும்.

டயப்பருக்கு உள்ளே இருப்பது ஒரு வகை ரசாயனத் தூள். ஈரம் பட்டதும் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரை இழுத்து ஜெல்லியாகிவிடும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். அதுதான் வம்பு. காய்ந்துதானே இருக்கிறது என்று காலையில் போட்டதை மத்தியானம் வரை விட்டுவிடுவார்கள். சித்திரை வெயிலில் நம் ஊரில் அப்படி விட்டால் தொடை இடுக்கு சிவந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. ரெண்டுக்குப் போனால் உடனே. இரவுக்கும் பஸ் பயணத்துக்கும், ஐப்பசி கார்த்திகையில் துணி காயாத மழைக்கும் டயப்பர். மற்ற நேரம் துணி. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் காற்றாட விடு. பாயை நனைத்தால் நனைக்கட்டும், அலசிப் போடலாம். துணிகளில் சோப்பு தங்காமல் நன்றாக அலசி, வெயிலில் காயப்போடு.

லேசாகச் சிவந்தால் துத்தநாக ஆக்ஸைடு கிரீம் பூசு, ஈரம் முழுக்க ஒற்றி எடுத்த பிறகு. பளிச்சென்று சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு எதையாவது பூசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடு.

கழற்றியதை எங்கே போடுவது? மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து, குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடு. 2016-ஆம் வருடத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பொதிந்து கொடுக்கத்தான் சொல்லியிருந்தன. நம் வீட்டு அழுக்கைப் பிரித்துத் தொடுகிறவர் இன்னொரு வீட்டு அம்மா. வாசலில் வைத்துக் கொளுத்தாதே, பிளாஸ்டிக் புகை. ஏரியில் போடவே போடாதே. குடவோலை பற்றிய அதே கல்வெட்டில் ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட தனி வாரியம் வைத்ததாக எழுதியிருக்கிற ஊர் இது.

பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவு, அவன் கையையும். அவன் கை எங்கெல்லாம் போயிற்று என்று உனக்குத் தெரியாது.

வரும் வழியில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாக்கெட் வாங்கி வா, வீட்டில் தீரப்போகிறது. மாதக் கணக்கைச் சொல்லி வாங்காதே, பாக்கெட்டின் மேல் கிலோக் கணக்கு போட்டிருக்கும், அதைப் பார். அங்கன்வாடியில் இந்த மாதம் எடை போட்டாகிவிட்டது, எவ்வளவு என்று அக்காவுக்குத் தெரியும். தொடையில் ரப்பர் தடம் பதிகிறது என்று போன வாரம் சொன்னாள், அதனால் ஒரு அளவு பெரியதாகவே வாங்க வேண்டியிருக்கும்.

உன் அத்தை