டாக்டரைக் கேளுங்கள்: புகையிலை சேர்க்காத தாம்பூலமும் புற்றுநோய் தருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு இல்லாமல் அவரால் இருக்க முடியாது. புகையிலையைத் தொட்டதே இல்லை. “பெருமாளுக்கே அடைக்காய் அமுது சமர்ப்பிக்கிறார்கள், அதில் என்ன கெடுதல்?” என்கிறார். சில மாதங்களாக ரசம் சாதம்கூட வாயில் எரிகிறது என்று தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார். வயதானால் இப்படித்தான் இருக்குமா?
– ஒரு வாசகி, வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்

பதில்: வயதினால் வருவது என்று விட்டுவிடாதீர்கள். பாக்குப் போடுபவர்களுக்குக் காரம் பட்டு வாய் எரிந்தால் அது முதல் எச்சரிக்கை. இந்த வாரமே அம்மாவைப் பல் மருத்துவரிடமோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கும் போகலாம்.

புகையிலைதான் ஆபத்து, பாக்கு சாது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-லேயே அறிவித்துவிட்டது. 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத தாம்பூலத்தையும் பாக்கையும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட் புகையும் மதுவும் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. வெற்றிலை மேல் அந்தக் குற்றச்சாட்டு இல்லை, பாக்கின் மேல்தான்.

பாக்கில் அரிகோலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சுண்ணாம்போடு சேர்த்து மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும்போது அது அங்கேயே ஊறி உள்ளே இறங்குகிறது. நாளடைவில் கன்னத்தின் உட்புறத் தோலுக்கு அடியில் நார்த்திசு படிந்து, மெத்தென்று இருந்த இடம் தடித்து வெளுக்கிறது. முதலில் காரம் எரியும். பிறகு வாய் திறக்கும் அளவு குறையும். இப்படி நார் படிந்த வாயில் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். நோயும் பெரும்பாலும் பாக்கை அடக்கிய அதே கன்னத்தில்தான் தொடங்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை நன்றாக வாய் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். டார்ச் அடித்து இரண்டு கன்னங்களையும், நாக்கின் ஓரங்களையும், நாக்குக்கு அடியிலும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் ஒரு துளி சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லலாம். பயாப்சி செய்தால் நோய் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தள்ளிப்போடுவதால்தான் நோய் முற்றுகிறது.

பெருமாளுக்குச் சமர்ப்பிப்பதையோ, கல்யாணத்தில் தாம்பூலம் வைத்துக் கொடுப்பதையோ யாரும் குறை சொல்லவில்லை. தினமும் பாக்கை வாயில் அடக்கும் பழக்கம்தான் நிற்க வேண்டும். அம்மாவின் வெற்றிலைச் செல்லத்தைப் பிடுங்கி வைத்தால் கோபம்தான் மிஞ்சும். சீவலையும் சுண்ணாம்பையும் எடுத்துவிட்டு ஒரு ஏலக்காயோ கொஞ்சம் சோம்போ கொடுத்துப் பாருங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பையன் இருந்தால் அவன் சட்டைப் பையிலும் ஒரு கண் இருக்கட்டும். குட்காவைத் தமிழக அரசு 2013-ல் தடை செய்தது. வாசனைப் பாக்குப் பொட்டலமோ பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது.

கேள்வி: லண்டன் வரை போன திருச்சி சுருட்டு எங்கள் உறையூரில் சுற்றியது. அப்பா 80 வயது தாண்டியும் பிடித்தார், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு 58. நான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. எனக்கு எப்படிப் புற்றுநோய் வரும்?
– ஒரு வாசகர், உறையூர்

பதில்: ஐயா, உறையூர்ச் சுருட்டின் பெருமை எனக்கும் தெரியும். 1887-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே திருச்சி சுருட்டின் சாம்பலை வைத்துத் துப்பறிகிறார்கள். ஆனால் சுருட்டுப் புகை சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை கூடியது. உள்ளே இழுக்காவிட்டாலும் அதன் நிகோடின் வாயின் ஈரத்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். நச்சு முழுவதையும் உதடு, நாக்கு, தொண்டை தாங்குகின்றன. கூடவே மது அருந்தினால் ஆபத்து பல மடங்காகும். ஆந்திரக் கடலோரத்தில், எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களுக்கு அண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள். புகை படும் இடத்தில்தான் நோயும் வருகிறது.

அப்பாவுக்கு வரவில்லை என்பது உண்மைதான். சுருட்டுப் பிடிக்கும் எல்லாருக்கும் நோய் வரும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. யாருக்கு வரும், யாரை விடும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எங்களிடம் இல்லை என்பதுதான் சிக்கல். புகையை விட்டவர்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது. 58 வயதில் விட்டாலும் லாபம்தான். தனியாக விட முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் உதவி கிடைக்கும்.

கேள்வி: பக்கத்து மாடியில் செல்போன் கோபுரம் வைக்கிறார்கள். தெருவே பயந்து கிடக்கிறது.
– ஒரு வாசகர், தில்லைநகர்

பதில்: அந்த அலைகளுக்கு நம் மரபணுவை உடைக்கும் ஆற்றல் கிடையாது. கோபுரத்தால் புற்றுநோய் வந்ததாக இதுவரை நிரூபணமும் இல்லை. மனு எழுதக் கூடும் அதே கூட்டத்தில் யார் யார் புகைக்கிறார்கள், பாக்குப் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 44 வயதிலும் பெரியம்மாவுக்கு 50-லும் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு 33. எனக்கும் வருமா?
– ஒரு வாசகி, கே.கே. நகர்

பதில்: மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து மட்டுமே. ஆனால் இரத்த உறவில் இரண்டு பேர், அதுவும் இளம் வயதில் என்பதால் நீங்கள் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. அம்மாவுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பிருந்தே, அதாவது 34-லிருந்தே, பரிசோதனை தொடங்குவது வழக்கம். எந்தப் பரிசோதனை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடலாமா? போட்டால் பிள்ளை பிறக்காது என்கிறார்கள்.
– ஒரு வாசகி, திருவெறும்பூர்

பதில்: அது பொய். இந்தத் தடுப்பூசி பிள்ளைப்பேற்றைப் பாதிப்பதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்டு சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. 16, 18 என்ற இரண்டு வகைகளே இந்நோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தடுப்பூசி இரண்டையும் தடுக்கிறது.

நீங்களும் 30 வயதைத் தாண்டியிருப்பீர்கள். உங்களுக்கும் பரிசோதனை தேவை. நமக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், செவிலியர்கள் அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பார்க்கும் எளிய சோதனையை ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்தார்கள். ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனையால் இந்நோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள்.

14 வயது வரை இரண்டு ஊசி போதும். 15 ஆகிவிட்டால் மூன்று. மகளுக்கு இந்த ஆண்டே போட்டுவிடுங்கள்.