தொட்டி ஏறும்போது இறங்குவது எது?

அன்புள்ள பென்னாகரம் தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். உங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த வந்திருக்கும் கிரேன்காரர்கள் வெடித்த கல்லையும் மண்ணையும் தொட்டியில் போட்டு நேராக மேலே தூக்கிவிடுகிறார்கள். பெரும்பாலை, மேச்சேரி வழியாகக் கல்லூரிக்குப் போகும்போது நீங்கள் பார்க்கிற மேட்டூர் அனல்மின் நிலையத்தில் மட்டும் நிலக்கரி ஏன் அவ்வளவு நீளமான சாய்வுக் கூண்டுக்குள் படுத்துக்கொண்டு ஏறுகிறது என்பது முதல் கேள்வி. இத்தனை கரியையும் அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவே பாதி கரண்ட் செலவாகிவிடாதா என்பது இரண்டாவது. கணக்கு சுலபம் என்பதால் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு டன் கரியை 50 மீட்டர் உயர்த்துகிறோம் என்று வையுங்கள். எடையையும் உயரத்தையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். மோட்டார், பெல்ட், உருளை எல்லாவற்றிலும் உராய்வில் போவதைச் சேர்த்துக் கால் யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட் தயாரிக்க ஏறக்குறைய முக்கால் கிலோ எரிக்க வேண்டும். ஆக, ஒரு டன் கரி தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ள அதில் 200 கிராமை எரித்தால் போதும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிவந்தவனுக்குக் கூலியாக அரைக் கைப்பிடி அரிசி கொடுத்த மாதிரி. பாதி கரண்ட் எங்கே, இது எங்கே!

இவ்வளவு மலிவான வேலைக்காகவா மனிதன் ஆயிரக்கணக்கான வருஷம் முதுகொடிந்தான் என்று கேட்பீர்கள். ஆமாம். எடையைத் தூக்குவதைவிடத் தன்னைத் தூக்கிக்கொள்வதில்தான் அவன் ஒடிந்தான். ஜல்லிச் சட்டியைத் தலையில் வைத்து இரண்டு மாடி ஏறும் சித்தாளை நினைத்துப் பாருங்கள். சட்டி 20 கிலோ, அந்தம்மா 50 கிலோ. ஒரு டன் ஜல்லி மேலே போய்ச்சேர 50 நடை. அதற்குள் இரண்டரை டன் உடம்பும் மேலே போய்விட்டது. கூலி ஜல்லிக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்துச் சுரங்கங்களில் பெண்கள் நிலக்கரிக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு ஏணி ஏறியிருக்கிறார்கள். 1842-இல் வந்த சட்டம்தான் பெண்களைச் சுரங்கத்தின் அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

நம் கொத்தனார்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கான்கிரீட் போடும் நாளில் சாரத்தில் தட்டுக்குத் தட்டு ஆட்களை நிறுத்தி, சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். சட்டி ஏறும், ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார். ரைஸ்மில்லில் தகரக் கூட்டுக்குள் ஓடும் எலிவேட்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பெல்ட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் கீழே நெல்லை மொண்டு மேலே கவிழ்த்துவிட்டு, வெறுங்கிண்ணமாகத் திரும்பி வரும். சாரத்து வரிசையேதான், ஆட்களுக்குப் பதில் கிண்ணம். அமெரிக்காவில் ஆலிவர் எவன்ஸ் 1780-களில் மாவு மில்லுக்குள் இதை ஓட்டினார். 1840-களின் தொடக்கத்தில் பஃபலோ துறைமுகத்தில் ஜோசப் டார்ட் அதற்கு நீராவி இயந்திரத்தைப் பூட்டிக் கப்பலின் வயிற்றிலிருந்தே தானியத்தை மேலே இழுத்தார். அதுவரை அங்கே கூலிக்காரர்கள் முதுகில்தான் சுமந்திருந்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை என் தாத்தா ஓட்டி நான் பார்த்திருக்கிறேன். கிணற்றடியிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் மாடுகள் கீழ்நோக்கி நடக்கும். வடம் இறுகும், உருளை கிறீச்சிடும், தண்ணீர்ச் சால் மேலே வரும். மாடு இறங்கத் தொடங்கியதும் தாத்தா ஒரு குதி குதித்து வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். சவாரி போகிறார் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அது சவாரி இல்லை, தன் 60 கிலோவையும் மாட்டின் பக்கம் சேர்க்கிறார் என்று புரிய இருபது வருஷம் ஆயிற்று. மாட்டின் எடையும் மனிதனின் எடையும் இறங்க, அந்த இறக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது. சால் மேட்டைத் தொட்டதும் வால்கயிறு சாலின் தோல்வாயைத் தாழ்த்த, தொட்டியில் தானே கொட்டிக்கொள்ளும். சாலைக் கவிழ்க்கத் தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை.

லண்டனில் தேம்ஸ் நதிக் கப்பல்களிலிருந்து கரி இறக்கியவர்கள் செய்ததும் இதைத்தான். ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். நான்கு பேர் கப்பலின் அடியில் கூடையை நிரப்புவார்கள். நான்கு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்ன ஏணிப்படியில் ஏறி, ஒரே நேரத்தில் கீழே குதிப்பார்கள். அவர்கள் விழுகிற வேகத்தில் கூடை மேலே பறந்து வரும். ஒன்பதாவது ஆள் அதைப் பிடித்துக் கவிழ்ப்பார். நாள் முழுக்க ஏறிக் குதித்து, ஏறிக் குதித்து. நம் கவலைக்காரருக்கு மாடாவது இருந்தது. அங்கே மாடும் அவனே, வடத்தில் உட்கார்ந்தவனும் அவனே. இதில் இன்னொரு கொடுமை: அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர்கள் சாராயக்கடைக்காரர்கள். அந்தக் கடையில் குடித்தால்தான் மறுநாள் வேலை. அதை ஒழிக்க 1843-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஒன்று மேலே ஏற, இன்னொன்று கீழே இறங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்துக் காவிரியைப் பாருங்கள். ஒகேனக்கல்லுக்கு வருமுன் அந்தத் தண்ணீர் சிவசமுத்திரத்தில் ஒருமுறை விழுந்துவிட்டுத்தான் வருகிறது. 1902-இல் அங்கே மின்நிலையம் கட்டி, சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். பழைய சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் அடியில் வெட்டிப்போட்ட கல்லை அந்த மின்சாரம் மேலே இழுத்தது. காவிரி இறங்கியது, கோலாரில் கல் ஏறியது. என் தாத்தா வடத்தில் உட்கார்ந்த அதே கணக்கு. இங்கே வடத்துக்குப் பதில் செப்புக்கம்பி, அவ்வளவுதான்.

தங்கவயலின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போனது. அத்தனை ஆழத்துக்கு ஒரே கயிறு விட முடியாது. ஆயிரம் மீட்டர் இறக்கினாலே இரும்புக்கயிறு மட்டும் பல டன் கனக்கும். கல்லைத் தூக்குவதற்கு முன் கயிறு தன்னையே தூக்கியாக வேண்டும். அதனால் ஒரு செங்குத்துக் குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாற்றி மாற்றித்தான் ஏற்றுவார்கள். ஆழச் சுரங்கங்களில் ஸ்கிப் என்கிற இரும்புப் பெட்டிகள் பெரும்பாலும் ஜோடியாகவே ஓடும். நிறைந்தது ஏறும்போது வெறும்பெட்டி இறங்கும். ஊர்ப்பொதுக் கிணற்றில் கயிற்றின் இரு முனையிலும் குடம் கட்டி இறைப்பார்களே, அந்த யோசனைதான். 2001 பிப்ரவரியில் தங்கவயல் மூடப்பட்டது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இதற்குப் பதில் கேழ்வரகுக் களத்தில் இருக்கிறது. அம்பாரத்தின் உச்சியில் இன்னொரு முறம் கேழ்வரகைக் கொட்டிப் பாருங்கள். குவியல் பெரிதாகும், ஆனால் சரிவு மாறாது. கூடுதலாகப் போட்டது வழிந்து ஓரத்துக்குப் போய்விடும். உதிரியாக இருக்கும் எதற்கும் இப்படித் தனக்கென்று ஒரு சரிவு உண்டு. நிலக்கரிக்கு 35, 40 டிகிரி. அசையாமல் கிடக்கும் குவியலுக்குத்தான் இந்தக் கணக்கு. ஓடுகிற பெல்ட் ஒவ்வொரு உருளையிலும் ஒரு குலுக்குக் குலுக்கும். முறத்தில் புடைத்தால் தானியம் என்ன பாடுபடுமோ அந்தப் பாடு. அதனால் 18, 20 டிகிரிக்குமேல் பெல்ட்டை நிமிர்த்தினால் கரி பின்னோக்கி உருளத் தொடங்கும். 18 டிகிரிச் சாய்வில் 50 மீட்டர் உயரத்துக்குப் போக 160 மீட்டர் நீளம் வேண்டும். நீங்கள் பஸ் ஜன்னலில் பார்க்கும் அந்த நீளக் கூண்டின் ரகசியம் இதுதான்.

அப்படியானால் நேராகத் தொட்டியில் தூக்கலாமே? தூக்கலாம், அவசரம் இல்லாவிட்டால். உங்கள் கிணற்றுத் தொட்டி நிரம்பக் காத்திருக்கிறது, ஏறுகிறது, கவிழ்கிறது, வெறுமனே இறங்குகிறது. ஒரு சுற்றில் பாதிக்குமேல் சும்மா போகிற நேரம். மேட்டூரில் 1987 தொடங்கி 1990-க்குள் அமைந்த 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 2013-இல் சேர்ந்த 600 மெகாவாட் அலகு ஒன்று. 210 மெகாவாட் அலகு முழு வீச்சில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 150 டன் கேட்கும். பழைய நான்குக்கு மட்டும் 600 டன். ஒரு சரக்கு ரயில் முழுக்கக் கொண்டுவந்தாலும் ஆறேழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இந்தப் பசிக்கு விட்டு விட்டு ஊட்ட முடியாது. பெல்ட்டுதான் ஓயாமல் ஊட்டும்.

அந்தக் கரி வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவின் தால்சேர் பக்கம் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம், கப்பலில் எண்ணூர், மறுபடி ரயிலில் மேட்டூர். வழி நெடுக ஏற்றுவதும் கொட்டுவதும்தான். மேட்டூரில் கொட்டுவதைக் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும். அனுமதி கிடைப்பது கஷ்டம், கல்லூரி மூலம் முயலுங்கள். டிப்லர் என்று ஓர் இரும்புத் தொட்டில். 58 டன் கரியோடு வேகன் அதற்குள் போய் நிற்கும். மேலிருந்து கொக்கிகள் பிடித்துக்கொள்ள, வேகன் மொத்தமும் மெதுவாகப் புரளும். முதலில் ஒன்றும் விழாது. நம்மை ஏமாற்றுவது போல ஒரு கணம். பிறகு சரிவு எட்டியதும் மொத்தமும் ஒரே முழக்கத்தில் போகும். அந்த ஒரு கணத்தில்தான் கேழ்வரகு அம்பாரத்தின் கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

கரி ஏன் அவ்வளவு உயரம் போக வேண்டும் தெரியுமா? விழுவதற்காக. கொதிகலனுக்குப் பக்கத்தில் பங்கர் என்கிற பெரிய இரும்புக் குதிர்கள் உயரத்தில் நிற்கின்றன. பெல்ட்டு அவற்றை நிரப்பிவிட்டால், அங்கிருந்து கரி தன் எடையாலேயே கீழே இருக்கும் அரவை இயந்திரத்துக்கு இறங்கும். அங்கே மாவாகி, சூடான காற்றோடு உலைக்குள் போகும்.

ஏற்றுவதைவிட இந்த இறக்கம்தான் வம்பு. மழைக்காலத்தில் கரி ஈரமாகிப் பிடித்துக்கொள்ளும். குதிரின் வாயைத் திறந்தும் தானியம் வராமல் பாட்டி குச்சியால் குத்துவாளே, அதே நிலைமை. சில சமயம் நடுவில் மட்டும் துளைபோல இறங்கி, சுற்றிலும் கரி சுவராக நிற்கும். அப்படி நிற்கும் கரி மேலே இருந்து பார்த்தால் கெட்டித் தரை மாதிரி இருக்கும். உதிரிப் பொருளின் குணமே அதுதான்: நிற்கும்வரை கல், சரிந்தால் தண்ணீர். ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு விழும் ஒவ்வொரு இடத்திலும் தூசி பறக்கும், தூசி இருக்கும் இடத்தில் தீ காத்திருக்கும். 2012 மே மாதம் மேட்டூரில் பெல்ட்டுகள் தீப்பிடித்து எரிந்து மின்உற்பத்தியே நின்றது. 2024 டிசம்பரில் பங்கர் ஒன்று சரிந்து தொழிலாளர் இருவர் இறந்தார்கள். ஒரு டன்னைத் தூக்க 200 கிராம்தான் என்று மேலே எழுதினேன். தூக்கி வைத்ததைத் தாங்கி நிற்கும் இரும்பைக் கவனிக்கும் செலவு அந்தக் கணக்கில் சேரவில்லை. அந்தச் செலவில் கைவைக்கும் புத்தி பல இடங்களில் இருக்கிறது.

உங்கள் கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வேலையைப் பார்வையிடத் தொட்டியில் நின்றுகொண்டே கீழே இறங்குகிறார் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைப் புரட்டியது. உங்கள் கிரேனில் எதிர்ப்பக்கம் எடையும் இல்லை, மாடும் இல்லை. இறங்கும்போது பிரேக் ஒன்றுதான் பிடிமானம். ஆபரேட்டர் காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டிருக்கிறார். 80 அடி ஆழத்தில் கல் அடித்து அடித்துத் தொட்டியின் காதும் தேய்ந்திருக்கும். கயிறு தொங்கும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. உருளையில் வளைந்து வளைந்து போகும் இடத்தில்தான் முதலில் இழை அறும். இயந்திரம் நின்றிருக்கும்போது பழைய துணி ஒன்றைச் சுற்றிப் பிடித்துக் கயிற்றின்மேல் மெதுவாக இழுத்தால், அறுந்த இழை துணியில் மாட்டும். வெறுங்கையால் செய்யாதீர்கள். அப்பாவிடம் நேராகச் சொன்னால் கேட்கமாட்டார், நானும் ஒரு அப்பாதான். கிரேன் மேஸ்திரியிடம் சொல்லச் சொல்லுங்கள், அவர் பேச்சுக்கு மரியாதை இருக்கும். தொட்டி கல்லுக்கு, ஆள் இறங்க ஏணி.

பதிலுக்கு எனக்கு ஓர் உதவி வேண்டும். கிணற்றைச் சுற்றி இதுவரை கொட்டிய கல்லும் மண்ணும் மேடாகக் கிடக்கும் அல்லவா? வெடித்த கல் தனியாகவும் மேல்மண் தனியாகவும் கொட்டியிருந்தால் ரொம்ப நல்லது. செல்போனில் சாய்வு பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரு பலகையைச் சரிவின்மேல் படுக்கவைத்து அதில் போனை வைத்து இரண்டின் டிகிரியையும் குறித்து அனுப்புங்கள். கல்மேட்டின் சரிவு கூடுதலாகவும் மண்மேட்டின் சரிவு குறைவாகவும் இருக்கும் என்பது என் ஊகம். ஒரு மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் கட்டுரைக்காரன்