இணையத்தளத்தின் தவணை: எப்போது கட்டுவது, எப்படிக் கட்டுவது?



நமது பிள்ளைகள் பலர் இன்று கணினி படித்திருக்கிறார்கள். படித்ததைக் கொண்டு சிலர் குடும்பத் தொழிலுக்கும், வாலிபர் சங்கத்துக்கும், கோயில் சபைக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இது நமக்குப் பெருமை. ஆனால் தளத்தை அமைக்கிற நாளில் இருக்கிற ஆர்வம், அடுத்த வருடம் தவணை கட்டுகிற நாளில் இருப்பதில்லை. தேயிலைக் கன்றை நட்டால் மட்டும் போதுமா? கவ்வாத்துக் காலத்தையும் தெரிந்திருக்க வேண்டாமா? ஆகவே இந்த இதழில் இணையத்தளத்தின் தவணை பற்றிப் படிப்போம்.

இரண்டு கட்டணம், இரண்டு திகதி

இணையத்தளத்துக்கு இரண்டு விஷயம் தேவை. ஒன்று பெயர். டொட் கொம், டொட் எல்கே என்று முடிகிற விலாசம் அதுதான். இதை டொமைன் என்பார்கள். மற்றது இடம். நம்முடைய படங்கள், எழுத்துக்கள் எல்லாவற்றையும் ஒரு கம்பனியின் கணினியில் வாடகைக்கு வைத்திருக்கிறோம். இதை ஹொஸ்டிங் என்பார்கள்.

லயத்துக் காம்பிராவில் எத்தனை தலைமுறை இருந்தாலும் அது நம் பேரில் இல்லை என்ற வருத்தம் நமக்குத் தெரியும். இந்த இடமும் அப்படித்தான். காசு கட்டுகிற வரைக்கும்தான் நாம் இருக்கலாம்.

பெயரை ஒரு கம்பனியிலும் இடத்தை இன்னொரு கம்பனியிலும் வாங்கியிருக்கலாம். ஒரே கம்பனியில் வாங்கினாலும் தவணைத் திகதி வேறு வேறாக இருக்கலாம். ஒன்றைக் கட்டினால் மற்றதையும் கட்டியதாக ஆகாது. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தவணை தவறினால் என்ன நடக்கும்?

இடத்துக்குரிய தவணை தவறினால் முதலில் தளம் மறைந்துவிடும். அதோடு சேர்ந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். சில நாட்கள் அல்லது சில வாரங்கள் பார்த்துவிட்டு, கம்பனி எல்லாவற்றையும் அழித்துவிடும். எத்தனை நாள் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டொட் கொம் பெயருக்குத் தவணை தவறினால், கம்பனி 45 நாள் வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாக் கம்பனியும் அவ்வளவு பொறுப்பதில்லை. அதற்குள்ளேயே பெயரை ஏலம் விடுகிறவர்களும் உண்டு. கம்பனி பெயரை விட்டுவிட்டால் அதன்பிறகு 30 நாள், மேலதிகக் கட்டணத்தோடு மீட்கலாம். அடகு நகையை மீட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போனால் 5 நாள் யாரும் தொட முடியாது. பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கலாம். டொட் எல்கே பெயர்கள் நமது நாட்டின் எல்கே டொமைன் பதிவகத்தின் கீழ் வருவதால் அவற்றுக்கு விதிகள் வேறு. அங்கே விசாரியுங்கள்.

பெரிய கம்பனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1999 நத்தார் நேரத்தில் அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் கம்பனி, பாஸ்போட் டொட் கொம் என்ற பெயருக்குரிய 35 டொலரைக் கட்டாமல் விட்டுவிட்டது. அதனால் ஹொட்மெயில் பாவித்த பலருக்குத் தங்கள் கடிதங்களைத் திறக்க முடியவில்லை. மைக்கல் சேனி என்ற வெளியாள் ஒருவர் தன் சொந்தக் காசில் அந்த 35 டொலரைக் கட்டினார். பிறகுதான் சரிவந்தது. நமக்காக யார் வந்து கட்டுவார்கள்?

எப்போது கட்டுவது?

கடைசி நாளில் அல்ல. ஒரு மாதத்துக்கு முன்பே கட்டுங்கள். பெயருக்கு முன்கூட்டியே கட்டினால் நாட்கள் வீணாகாது. பழைய தவணை முடியும் நாளிலிருந்துதான் புதிய வருடம் சேரும்.

நுவரெலியாப் பக்கம் ஒரு குடும்பம் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் சீசனில்தான் அவர்களுக்கு வருமானம். தவணையும் ஏப்ரல் 10ஆம் திகதி. அட்டையில் காசு போகவில்லை என்றால் புதுவருட லீவில் வங்கியும் பூட்டு. வருகிறவர்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். மார்ச் மாதமே கட்டியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

ஞாபகக் கடிதம் யாருக்குப் போகிறது?

டொட் கொம் போன்ற பெயர்களுக்கு, தவணை முடிய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் கம்பனி ஞாபகக் கடிதம் அனுப்ப வேண்டும். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐக்கான் அமைப்பின் விதி இது. ஆனால் அந்தக் கடிதம் தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பியின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். தம்பி கட்டாருக்குப் போய், பழைய மின்னஞ்சலையும் விட்டிருப்பார். நமது கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு பிள்ளையின் கைக்கு வந்த கதை நமக்குப் புதிதல்ல. இங்கேயும் அதே கதைதான்.

எப்படிக் கட்டுவது?

1. பெயர் எந்தக் கம்பனியில், இடம் எந்தக் கம்பனியில், தவணைத் திகதி எது என்று கொப்பியில் எழுதுங்கள். சுவர்க் கலண்டரிலும் குறியுங்கள்.

2. கணக்கைச் சங்கத்தின் அல்லது குடும்பத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லை நம்பிக்கையான இரண்டு பேர் வைத்திருக்கட்டும்.

3. விலையைப் பாருங்கள். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வருடம் கூட்டிக் கேட்பது பல கம்பனிகளின் வழக்கம். டொலர் விலையும் ஏறும். 2022 ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. 50 டொலர் தவணை 10,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயானது. ஆகவே மாதாமாதம் சீட்டுக் காசு போல கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

4. தானாகவே காசு எடுக்கும் முறையைப் போட்டிருந்தாலும் சும்மா இருக்க வேண்டாம். அட்டை காலாவதியானாலோ, கணக்கில் காசு இல்லாவிட்டாலோ தவணை போகாது. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அட்டை திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

5. "உடனே கட்டுங்கள்" என்று மிரட்டி வரும் கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். கள்ளக் கடிதங்களும் வருகின்றன. கம்பனியின் விலாசத்தை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

6. கட்டுவதற்கு முன் தளத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.

7. கட்டியபின் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, புதிய திகதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். செக்ரோலில் நம் பேர் விழுந்ததா என்று பார்ப்பது போலத்தான்.

கூடிப் பேசுவதற்கு

அ. நமது சங்கத்தின் தளத்துக்குத் தவணைத் திகதிகள் எவை?

ஆ. ஞாபகக் கடிதம் இப்போது யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது?

இ. அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் கட்டுவார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரியவில்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளை உட்காரவைத்து விசாரியுங்கள். கணினி தெரியாத அம்மாவும் அப்பாவும்கூட திகதியைக் கேட்கலாம், கலண்டரில் குறிக்கலாம். அதற்குக் கணினிப் படிப்புத் தேவையில்லை.